சோனி இசட்வி-இ10: ரெக்கார்ட் அழுத்துமுன் பார்க்க வேண்டியவை

2021-ல் வந்த கேமரா. ஆனாலும் யூடியூப் சேனல் தொடங்குபவர்கள், சமையல் வீடியோ எடுப்பவர்கள், கல்யாண வேலையில் இரண்டாவது கேமரா தேடுபவர்கள் என எல்லோர் வாயிலும் இன்னும் அடிபடும் பெயர் இசட்வி-இ10. ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (படத்தைப் பதியும் சில்லு), 24.2 மெகாபிக்சல், 4கே பதிவு, மைக் ஜாக், ஹெட்போன் ஜாக், பக்கவாட்டில் திறந்து முன்னால் திரும்பும் திரை எல்லாம் உண்டு. பேட்டரி, கார்டு சேர்த்து எடை 343 கிராம். முகத்தைப் பிடித்துவிட்டால் ஆட்டோபோகஸ் எளிதில் விடாது. முப்பது நிமிடத்தில் பதிவு தானாக நிற்கும் பழைய தொல்லையும் இதில் கிடையாது. படத்தின் தரத்தில் பெரிய குறை சொல்ல முடியாது.

இந்தக் கேமராவில் வேலை கெடுவது வேறு இடங்களில். கார்டுக்கு ஒரே ஒரு இடம், சிறிய பேட்டரி, ஒரே பட்டனில் மூன்று மோடு. இந்த மூன்றையும் புரிந்துகொள்ளாமல் வேலைக்கு எடுத்துப் போனால், நல்ல படம் எடுத்தும் கையில் எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

முதலில் அந்தப் பட்டன். வழக்கமாக மோடு டயல் இருக்கும் இடத்தில் இதில் ஒரு சின்னப் பட்டன்தான் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் போட்டோ, அடுத்து வீடியோ, அடுத்து எஸ்&க்யூ என்று சுற்றும். எஸ்&க்யூ என்பது ஸ்லோ மோஷனுக்கும் வேக வீடியோவுக்கும் உள்ள மோடு. அதில் ஒலி பதிவாகாது. பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டு எஸ்&க்யூவுக்குப் போயிருந்தால் திரையில் படம் வழக்கம்போலத்தான் தெரியும், கவுன்டரும் ஓடும். ஒரு மணி நேரப் பேட்டியைக் கணினியில் போட்ட பிறகுதான் சத்தமே இல்லை என்று தெரியவரும். தடுக்க எளிய வழி, திரையில் ஒலி அளவுப் பட்டைகள் ஆடுகின்றனவா என்று பார்ப்பது. மெனுவில் ஆடியோ லெவல் டிஸ்ப்ளேயை ஆன் செய்து வைத்தால் வீடியோ மோடில் இடது கீழ்மூலையில் இரண்டு பட்டைகள் தெரியும். பட்டை இல்லையென்றால் முதலில் மோடைப் பாருங்கள், மைக்கை அப்புறம் சந்தேகப்படலாம்.

பின்பக்கக் குப்பைத்தொட்டிப் பட்டனும் இதே ரகம். வீடியோ மோடில் அது புராடக்ட் ஷோகேஸை ஆன் செய்யும். பொருளைக் கேமரா முன் நீட்டியதும் முகத்தை விட்டுப் பொருளுக்கு போகஸ் தாவுவதற்கான வசதி அது. சோப்பு, சேலை, செல்போன் காட்டுபவர்களுக்கு அருமையான விஷயம். பேட்டி எடுக்கும்போது தெரியாமல் ஆனாகிவிட்டால், பேசுபவர் கையை ஆட்டும்போதெல்லாம் போகஸ் உள்ளங்கைக்குப் போய்விட்டுத் திரும்பும். பொருள் காட்டும் வேலை இல்லாதவர்கள் கஸ்டம் கீ அமைப்பில் அந்தப் பட்டனுக்கு வேறு வேலை கொடுத்துவிடுவது நல்லது. மேலே உள்ள பின்னணி மங்கல் பட்டனையும் கூடவே முடக்கிவிடலாம். கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸில் அதனால் பெரிய மாற்றம் தெரியாது, பதிவுக்கு நடுவில் விரல் பட்டால் வெளிச்சம் மட்டும் துள்ளும்.

அடுத்து ஷட்டர், அதாவது வீடியோவின் ஒவ்வொரு படத்துக்கும் (பிரேம்) சென்சார் ஒளி வாங்கும் நேரம். 1/50 என்றால் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கல் சென்சாரில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் முழு மினுக்கல் சுற்றுகள் கிடைக்கும், பட்டை வராது. 1/60, 1/125 வைத்தால் வரும். ஆட்டோவில் விட்டால் கேமரா தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும் என்பதால் வீட்டுக்குள், மண்டபத்துக்குள் எல்லாம் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் (மேனுவல்) மோடில் 1/50 என்று நிறுத்திவிட்டு, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடலாம். ஐஎஸ்ஓவுக்கு உச்சவரம்பு 3200 போதும். 6400 வரை போனால் கருப்புச் சட்டையிலும் தலைமுடியிலும் புள்ளி தெரியத் தொடங்கும்.

மெனுவில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி முறைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் இடம் இருக்கும். இங்கே பால் முறையில் நொடிக்கு 25, 50, 100 பிரேம்கள் கிடைக்கும். சினிமா போல 24 பிரேம் வேண்டுமென்றால் என்டிஎஸ்சிக்கு மாற வேண்டும், அதன்பின் கேமராவை ஆன் செய்யும்போதெல்லாம் என்டிஎஸ்சியில் ஓடுவதாக ஒரு அறிவிப்பு வரும். அது பிழை இல்லை, பயப்பட வேண்டாம். அப்போதும் ஷட்டர் 1/50 தான். மற்றபடி எந்த பிரேம் என்பதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 4கேயில் 24, 25 பிரேம் எடுத்தால் சென்சாரின் முழு அகலமும் பயன்படும். 30-க்குப் போனால் படம் 1.23 மடங்கு வெட்டப்படும். சின்ன அறையில் சமையல் மேடையை முழுதாகக் காட்ட நினைப்பவர்களுக்கு 25 தான் சரி. இரண்டு கேமரா வைத்து எடுக்கும்போது ஒன்று 25, இன்னொன்று 30 என்று இருந்தால் எடிட்டிங்கில் அசைவு திக்கித் திக்கித் தெரியும். முதலிலேயே பேசி ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டு பற்றிப் பேசும்போது, படத்தின் ஓரங்களை வெட்டி ஆட்டத்தைக் குறைக்கும் ஆக்டிவ் ஸ்டெடிஷாட்டைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் கேமராவின் உடலுக்குள் சென்சாரை அசைத்து ஆட்டத்தைக் குறைக்கும் ஏற்பாடு கிடையாது. கிட் லென்ஸில் உள்ள ஓஎஸ்எஸ் (லென்ஸுக்குள்ளேயே ஆட்டத்தைக் குறைக்கும் ஏற்பாடு), அதற்குமேல் மென்பொருள் வெட்டு, அவ்வளவுதான். ஆக்டிவ் போட்டால் 4கேயில் ஏறக்குறைய 1.4 மடங்கு உள்ளே வந்துவிடும். 16 எம்எம் லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 24 எம்எம் போலத் தெரியும் என்றால், ஆக்டிவ் போட்டபின் 35 எம்எம் அளவுக்கு நெருங்கிவிடும். கையை நீட்டித் தன்னையே எடுப்பவர்களுக்கு முகம் மட்டும்தான் பிரேமில் இருக்கும், ஊர் தெரியாது. இருட்டில் ஆக்டிவ் போட்டு நடந்தால் இன்னொரு கோளாறும் வரும். 1/50 ஷட்டரில் ஒவ்வொரு காலடிக்கும் படம் கொஞ்சம் இழுபட்டுத்தான் பதிவாகும். மென்பொருள் ஆட்டத்தை மட்டும்தான் எடுக்க முடியும், இழுபட்டதை எடுக்க முடியாது. அதனால் படம் நிலையாக நிற்கும்போதே துடித்துத் துடித்து மங்கும். இரவில் நடந்தபடி எடுக்கும் வேலைக்கு, கேமராவை மோட்டாரால் நிலையாகத் தாங்கும் கிம்பல்தான் சரி. டிரைபாடில் வைத்த கேமராவுக்கு ஸ்டெடிஷாட்டை முழுக்க அணைத்துவிடுங்கள்.

சென்சார் ஒரு பிரேமை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க 4கேயில் ஏறக்குறைய ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. இது மெதுவானது. கேமராவைச் சட்டென்று திருப்பினால் தூணும் கதவும் சாயும். ஓடும் ரயில் ஜன்னலிலிருந்து பக்கத்துக் கம்பங்களை எடுத்தால் எல்லாம் சரிந்த கம்பங்கள்தான். பைக் ஹேண்டில்பாரில் கட்டினால் படம் முழுவதும் அலையடிக்கும். எந்த செட்டிங்கும் இதைத் தீர்க்காது. மெதுவாகத் திருப்புவது ஒன்றே வழி.

வெயிலில் 1/50 ஷட்டர் வைத்தால் ஐஎஸ்ஓ 100-லும் படம் வெளுத்துப்போகும். லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். கிட் லென்ஸ் 16-50க்கு 40.5 எம்எம் அளவு. திருப்பித் திருப்பிக் கருமையை மாற்றும் வகை ஃபில்டர் வாங்கினால் கடைசி முனை வரை திருப்பாதீர்கள், வானத்தில் பெருக்கல் குறி போலக் கருநிழல் விழும். எடிட்டிங்கில் நிறம் சேர்ப்பதற்காக வெளிறிய படமாகப் பதியும் எஸ்-லாக் முறை பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கேமரா பதிவு செய்வது 8 பிட். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். எஸ்-லாக்3 எடுத்து எடிட்டிங்கில் இழுத்தால் நீல வானமும் வெள்ளைச் சுவரும் படிக்கட்டு மாதிரி பிரியும். கலர் கிரேடிங் கற்றவர்கள்கூட இதில் எஸ்-லாக் இருக்கும் பிக்சர் புரொஃபைல் மெனுவை ஆஃபில் வைத்து, வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஒரு கெல்வின் எண்ணில் பூட்டி எடுப்பதே பாதுகாப்பு. வெளியே 5600, மஞ்சள் பல்புக்கு 3200 என்று தொடங்கலாம். ஆட்டோவில் விட்டால் சிவப்புப் பட்டுப்புடவை பிரேமுக்குள் வரும்போது முகத்தின் நிறமே மாறும்.

இனி ஒலி. கேமராவின் மேலே உள்ள மூன்று கேப்சூல் மைக் கைத்தூரத்தில் பேசுவதற்குப் பரவாயில்லை. கூடவே வரும் பஞ்சு மூடியை மாட்டினால் காற்றுச் சத்தம் நன்றாகக் குறையும். ஆனால் அந்த மூடி மேலே துணைக்கருவிகள் மாட்டும் ஷூவில்தான் உட்காரும், பிறகு அங்கே வேறு எதையும் மாட்ட முடியாது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை எடுக்கத் தனி மைக் கட்டாயம்.

பலரும் வாங்குவது போயா பிஒய்-எம்1 என்ற காலர் மைக். அதன் நடுவில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் ஸ்மார்ட்போன், மறுபக்கம் கேமரா. இந்தக் கேமராவில் போடும்போது சுவிட்ச் கேமரா பக்கம் இருக்க வேண்டும், உள்ளே எல்ஆர்44 பட்டன் செல் உயிரோடு இருக்க வேண்டும். வேலை முடிந்து சுவிட்சை மறுபக்கம் தள்ளாவிட்டால் செல் தீர்ந்து அடுத்த வேலைக்குக் கழுத்தறுக்கும். மாற்று செல் இரண்டு மைக் பையிலேயே கிடக்கட்டும், கல்யாண மண்டபத்துப் பக்கத்தில் எல்ஆர்44 தேடி அலைவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

வயர்லெஸ் மைக் என்றால் ஒலி அளவை ரிசீவருக்கும் கேமராவுக்கும் சரியாகப் பகிர வேண்டும். கேமராவின் ஆடியோ ரெக் லெவல் 0 முதல் 31 வரை போகும். அதை உயர்த்தி வைத்தால் கேமராவின் உள்ளே இருக்கும் சுமாரான ஆம்பிளிஃபயர் வேலை செய்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைச் சேர்க்கும். ரிசீவரின் வெளியீட்டை உயர்த்தி, கேமராவை 3 முதல் 6க்குள் வைத்துப் பாருங்கள். பேசுபவர் சத்தமாகச் சிரிக்கும்போதும் பட்டை சிவப்பைத் தொடக்கூடாது, சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபெல் பக்கம் ஆடினால் போதும். நாதஸ்வரம், தவில் பக்கத்தில் இருந்தால் இன்னும் கீழே இறக்குங்கள். வெடித்துப் பதிவான ஒலியை எந்த மென்பொருளும் முழுசாக மீட்காது, சன்னமான ஒலியைத் தூக்கிக்கொள்ளலாம்.

பட்டை ஆடுவதை மட்டும் நம்பவும் கூடாது. மைக் பின் ஜாக்கில் பாதிதான் இறங்கியிருந்தால் கர்ர் என்ற சத்தத்துக்கும் பட்டை ஆடும். ஹெட்போன் ஜாக் இருக்கிறது, காதில் போட்டுக் கேளுங்கள். பத்து நொடி பதிவு செய்து திரும்பப் போட்டுக் கேட்டால் இன்னும் உறுதி.

பேட்டரி என்பி-எஃப்டபிள்யூ50, 1020 எம்ஏஎச். சோனியின் கணக்கிலேயே நடைமுறைப் பயன்பாட்டில் வீடியோ ஏறக்குறைய 80 நிமிடம்தான். பழைய பேட்டரியென்றால் அதற்கும் குறைவு. மூன்று பேட்டரி இல்லாமல் ஒரு நிகழ்ச்சிக்குப் போவது வீண் துணிச்சல். உட்கார்ந்த இடத்தில் எடுக்கும் வேலைக்கு யூஎஸ்பி-சி வழியே மின்சாரம் கொடுக்கலாம். மெனுவில் யூஎஸ்பி பவர் சப்ளை ஆனாக இருக்க வேண்டும், அடாப்டர் 5 வோல்ட், 1.5 ஆம்பியருக்குக் குறையக்கூடாது, உள்ளே பேட்டரியும் இருக்க வேண்டும். யாராவது கேபிளில் கால் இடறினால் பதிவு நிற்காமல் காப்பாற்றப்போவது அந்தப் பேட்டரிதான். காலியான பேட்டரியை உள்ளே போட்டுவிட்டுக் கேபிளை நம்பாதீர்கள்.

வெப்பம் இந்தக் கேமராவின் பலவீனம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 4கே தொடர்ச்சியாக எடுத்தால் திரையில் தெர்மாமீட்டர் சின்னம் வரும், கொஞ்ச நேரத்தில் கேமரா அணைந்துவிடும். மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப் என்பதை ஸ்டாண்டர்டிலிருந்து ஹைக்கு மாற்றினால் அணைவது தள்ளிப்போகும். அப்போது கேமரா உடம்பு தொட முடியாத அளவு சுடலாம், கையில் பிடிக்காமல் டிரைபாடில் வைப்பதே சரி. திரையைக் கேமராவோடு ஒட்டி மூடி வைக்காமல் வெளியே திறந்து வைத்தால் பின்பக்கச் சூடு வெளியேறும். எடுக்காத நேரத்தில் ஆஃப் செய்யுங்கள், சும்மா ஆனில் இருந்தாலும் சென்சார் வேலை செய்துகொண்டே சூடாகும். குடை நிழல் பெரிய உதவி. மூன்று மணி நேரக் கச்சேரியை வெளியரங்கில் எடுக்க வேண்டுமென்றால் 4கேயை மறந்து ஃபுல் எச்டியில் எடுங்கள்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. 4கே 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்பது நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்), மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய 80 நிமிடம். யூ3 அல்லது வி30 என்று அச்சிட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டு வேண்டும். அது நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்பதற்கான முத்திரை. யூஎச்எஸ்-2 கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, கேமராவின் ஸ்லாட் யூஎச்எஸ்-1 தான். பாதி விலைக்குக் கிடைக்கும் 256 ஜிபி கார்டுகளில் போலி உண்டு. கணினியில் 256 என்று காட்டும், உண்மையில் 16 அல்லது 32 நிறைந்ததும் அதற்கு மேல் எழுதியதெல்லாம் காணாமல் போகும். வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே வேலைக்கு எடுங்கள்.

ஒரே ஸ்லாட் என்பதால் பேக்கப் எதுவும் கேமராவுக்குள் நடக்காது. அதனால் ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு 64 வைத்து, முகூர்த்தம் முடிந்ததும் மாற்றிவிடுவது நல்ல பழக்கம். மாற்றும்போது சிவப்பு அக்சஸ் விளக்கு அணைந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். எம்பி4 கோப்பின் பொருளடக்கம் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். அதற்கு முன் கார்டையோ பேட்டரியையோ பிடுங்கினால் படம் கார்டில் இருந்தும் எந்தப் பிளேயரும் திறக்காது. அப்படி ஆகிவிட்டால் அந்தக் கார்டில் அதன்மேல் எதையும் எழுதாதீர்கள். கேமரா தானாகவே டேட்டாபேஸை மீட்கலாமா என்று கேட்டால் அனுமதித்துப் பாருங்கள், சில நேரம் அதிலேயே சரியாகும். இல்லையென்றால் அன்ட்ரங்க் என்ற மென்பொருள், அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைப் பார்த்து உடைந்த கோப்பின் பொருளடக்கத்தைத் திரும்பக் கட்டும். எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

பேட்டரியும் கார்டும் ஒரே கதவுக்குள், அடிப்பக்கத்தில், டிரைபாட் திருகுக்குப் பக்கத்தில். பெரிய பிளேட் மாட்டினால் கதவு திறக்காது. நிகழ்ச்சி நடுவில் பிளேட்டைக் கழற்றித் திரும்ப மாட்டும் அவஸ்தையைத் தவிர்க்கச் சின்ன பிளேட் வாங்குங்கள்.

கணினிக்கு எடுக்கும்போது இன்னொரு கண்ணி உண்டு. போட்டோக்கள் டிசிஐஎம் ஃபோல்டரில் இருக்கும், வீடியோக்கள் பிரைவேட், எம்4ரூட், கிளிப் என்று மூன்று அடுக்கு உள்ளே இருக்கும். டிசிஐஎம்மை மட்டும் பார்த்து வீடியோ பதிவாகவில்லை என்று நினைத்து பார்மட் போட்டவர்கள் உண்டு. கார்டை முழுசாக, தேதி போட்ட தனி ஃபோல்டருக்கு நகலெடுங்கள். பார்மட்டுக்குப் பின் வீடியோ பெயர் மறுபடி சி0001-லிருந்து தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும். இரண்டு இடத்தில் நகல் இருந்து, இரண்டும் ஓடுகிறது என்று பார்த்த பிறகு பார்மட்டைக் கேமராவிலேயே செய்யுங்கள்.

சென்சாருக்கு ஆபத்து மண்டபத்திலிருந்தே வரும். வரவேற்பு மேடையில் சுழலும் லேசர் விளக்கின் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் ஒரு கணத்தில் சென்சாரில் நிரந்தரக் கோடு விழலாம். இதுபோன்ற மிரர்லெஸ் கேமராவில் வீடியோ எடுக்கும்போது சென்சார் திறந்தே இருக்கும், தடுப்பு எதுவும் இல்லை. டிஜே வைக்கப்போகிறார்கள் என்றால் லேசர் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, அந்தத் திசையைத் தவிர்த்து நில்லுங்கள். ஏசி மண்டபத்திலிருந்து கடற்கரை ஊரின் ஈரக் காற்றுக்கு வரும்போது கேமராவைப் பைக்குள் மூடியபடி அரை மணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் லென்ஸில் பனி படியும், துடைத்தாலும் திரும்பப் படியும். ஈரத்தோடு பையில் கிடந்தால் பூஞ்சைதான்.

நேரலைக்கு வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். யூஎஸ்பி வழி ஸ்ட்ரீமிங் 720பி மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு வேண்டும், அந்த மைக்ரோ எச்டிஎம்ஐ ஜாக் எளிதில் உடையும் சமாச்சாரம், கேபிள் இழுபடாமல் கட்டி வைக்க வேண்டும்.

2024-ல் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதில் பெரிய என்பி-எஃப்இசட்100 பேட்டரி, 10 பிட், 4கேயில் 60 பிரேம் எல்லாம் உண்டு. நீண்ட நிகழ்ச்சிகளை நம்பித் தொழில் செய்பவர்கள் பணம் சேர்த்து அதற்கே போகலாம். ஒற்றை அறையில், டிரைபாடில், அரை மணி நேரத் துண்டுகளாக எடுப்பவர்களுக்குப் பழையதே தாராளம். புதியது வந்ததால் பழைய இசட்வி-இ10 செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. வாங்கும்போது ஹெட்போன் மாட்டி மைக் பின்னை லேசாக ஆட்டிக் கேளுங்கள், கரகரப்பு வந்தால் ஜாக் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி டிவியில் படம் விட்டு விட்டு வருகிறதா பாருங்கள். வெள்ளைச் சுவரையும், பிறகு லென்ஸ் மூடியைப் போட்டுக் கருப்பையும் ஐஎஸ்ஓ 3200-ல் தலா ஒரு நிமிடம் பதிவு செய்து பெரிய திரையில் பாருங்கள். அசையாத வண்ணக் கோடு தெரிந்தால் லேசர் பட்ட சென்சார், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.